தர்மினியின் பிக்கப்

ஒக்டோபர் 6, ஞாயிறு

பிக்கப் வீட்டு வாசலில் நிற்கிறது. குப்பை போடுகிற சாட்டில் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு கடிதப் பெட்டியைப் பார்க்கிற சாட்டில் போனேன். ஞாயிற்றுக்கிழமையில் கடிதம் வராது என்பது பெட்டியைத் திறந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கருநீலம். டீசல் எஞ்சின். பாரமான வேலைக்கென்றே செய்த பெரிய ரகம். முன்பு வைத்திருந்தவன் அதை இன்னும் அரை அடி உயர்த்தி, உழவு இயந்திரத்துக்குப் போடுவதுபோன்ற டயர்களைப் பூட்டியிருக்கிறான். பக்கத்தில் போய் நின்றால் பொனட் என் நெஞ்சுக்கு மேலே வருகிறது. விற்றவன் டைலர் என்கிற எண்ணெய்க் கிணற்று வேலைக்காரன். சாவியைத் தரும்போது, "பாரம் ஏற்றினால் சொன்னதைக் கேட்கும். வெறுமையாக ஓட்டினால் முரண்டு பிடிக்கும்," என்றான். விற்கிறவன் ஏன் இப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரொறொன்ரோவை விட்டு அல்பேர்ட்டாவின் வடக்கே இந்தச் சிற்றூருக்கு வந்ததிலிருந்து ஆசை. நான் வேலை செய்யும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோரிடமும் பிக்கப்தான். அவற்றுக்கு நடுவே நிற்கும் எங்கள் சின்னக் காரைப் பார்த்து, "குகதாஸ், யாரோ உன்னுடைய சப்பாத்தை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்," என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மனைவி தர்மினி வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. இதிலை என்னத்தை ஏத்தப் போறியள்?"

"தேவைப்படும்."

"என்னத்துக்கு?"

"இந்த இடத்துக்கு இது தேவை, தர்மி."

அவள் கதவின் கைபிடியைப் பிடித்து, முதலில் முழங்காலை வைத்து, பிறகு உடம்பை இழுத்து ஏறினாள். இறங்கும்போது குதித்தாள். கராஜுக்குள் பிக்கப் போகாது என்று அவள்தான் கண்டுபிடித்தாள், கூரை முட்டுகிறது. வெளியில் நிற்பதுதான் அதற்கு அழகு.

ஒக்டோபர் 12, சனி

வேலையிடத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒருவன் கீழே படுத்துக்கூடப் பார்த்தான். கோப்பிக் கடையில் காருக்குள் இருந்தபடியே வாங்கும் ஜன்னல் எனக்குக் கீழே இருந்தது. அந்தப் பெண் நுனிக்காலில் நின்று கோப்பையை நீட்டினாள்.

மாலையில் நெடுஞ்சாலையில் போனேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். இந்த ஊர்ச் சனங்கள் இவ்வளவு நல்லவர்களா என்று வியந்து, ஒவ்வொருவருக்கும் கை காட்டினேன்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

சனிக்கிழமை அவர்கள் காட்டியது வணக்கம் இல்லையாம். வாகனத்தை உயர்த்தியதால் என் விளக்கு நேரே அவர்களுடைய கண்ணில் அடிக்கிறதாம். வாகனம் திருத்தும் ஹர்பாலின் கராஜுக்குக் கொண்டுபோய் விளக்கைத் தாழ்த்தினேன்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

வேகத்துக்காகப் பொலிஸ் தண்டச் சீட்டு எழுதியது. முள் காட்டிய வேகத்தைத்தான் நான் நம்பினேன். டயர் பெரிதாக இருந்தால் முள் குறைத்துக் காட்டும் என்று பொலிஸ்காரர் பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர். பிக்கப்பைப் பாராட்டவும் செய்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

ஆற்றுப் பாலத்தில் இரும்புப் பொருத்து ஒன்று இருக்கிறது. அதில் ஏறி இறங்கியபோது ஸ்டியரிங் கொஞ்சம் ஆடியது. பாலம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தி, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்தில் ஆறு ஓரத்திலிருந்து உறைந்துகொண்டு வருவதைப் பார்க்க நன்றாக இருக்கும். கோப்பி மடியில் சிந்தியது. கோப்பையின் மூடி சரியில்லை.

ஒரு லொறிக்காரர் நிறுத்தி, "ஏதும் உதவி வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்குப் பழைய பாலத்தால் சுற்றி வந்தேன். அந்தப் பக்கமும் பார்க்கவேண்டியதுதானே.

நவம்பர் 19, செவ்வாய்

ஹர்பால் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, முன் அச்சைப் பிடித்திருக்கும் தண்டின் ரப்பர் புஷ் தேய்ந்து போயிருக்கிறது என்றார். உயர்த்தும்போது சேர்த்து மாற்ற வேண்டிய சில பாகங்களை முன்பு செய்தவன் மாற்றாமல் விட்டிருக்கிறானாம். அதனால் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரம் இரண்டும் உதறத் தொடங்குமாம்.

"கொஞ்சமாகத்தான் ஆடியது," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அது கொஞ்சமாக ஆடுவதில்லை," என்றார்.

எல்லாம் மாற்றிக் கொடுத்தார். பாலத்தில் தானே ஓட்டியும் காட்டினார். ஒரு ஆட்டமும் இல்லை.

நவம்பர் 21, வியாழன்

வேலைக்கு நடந்து போனேன். காலநிலை நன்றாக இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

நடந்து போனேன். மூக்குமயிர் உறைந்தது. கடுங்குளிர் நுரையீரலுக்கு நல்லதென்று எங்கோ வாசித்திருக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பிக்கப்பைக் கழுவித் துடைத்தேன். எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் மின்வயரையும் மாட்டினேன். மாட்டாவிட்டால் டீசல் எஞ்சின் காலையில் எழும்பாது. வாசலில் நிற்கும்போது அதன் கம்பீரமே தனி.

டிசம்பர் 9, திங்கள்

தர்மினியின் கார் பனியில் சறுக்கிப் பாதையோரக் கானுக்குள் இறங்கிவிட்டது. அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் வீடுவீடாகப் போய்க் காயம் கழுவி மருந்து கட்டும் தாதி. நோயாளிகளில் பாதிப்பேர் ஊருக்கு வெளியே, பண்ணைகளில் இருப்பவர்கள். பனி கொட்டினால் அந்த மண் பாதைகளில் கார் ஊர்ந்துதான் போகும்.

"நான் பிக்கப்பைக் கொண்டுபோறன்," என்றாள்.

"அது கொஞ்சம் வித்தியாசமான வாகனம், தர்மி. பழகோணும்."

"பழகுறன்."

"பாலத்தாலை போகாதை."

"ஏன்?"

"சும்மாதான். பழைய பாலம் வடிவு."

கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஹர்பாலிட்டை விசாரிச்சனான். திரும்பவும் ஆடினால் பிரேக்கை அமத்தக் கூடாதாம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, மெல்லமாக் காலை எடுக்கோணுமாம்."

அவள் எப்போது ஹர்பாலிடம் போனாள் என்று நான் கேட்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை ஜன்னல் பக்கத்தில் எனக்கு நிறைய வேலை இருந்தது.

டிசம்பர் 21, சனி

தர்மினி பிக்கப்பை ஓட்டும் விதத்தை எழுதி வைக்க வேண்டும்.

புறப்படும் முன் ஒருமுறை சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலால் தட்டுகிறாள். ஏறுவதற்கு இருபக்கமும் படி பூட்டிவிட்டாள். பின்தட்டில், பின்சக்கரத்துக்கு நேர்மேலே, தண்ணீர் மென்மையாக்கும் உப்பு மூட்டைகளை அடுக்கிக் கட்டியிருக்கிறாள். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் பனியில் வழுக்கும். பாரம் இருந்தால் நிலத்தைப் பிடிக்கும். மூட்டை ஏற்றியதிலிருந்து முதுகைக் குலுக்குவதும் நின்றுவிட்டது. நான் இவ்வளவு நாளும் இருக்கைக்கு மெத்தை வாங்குவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று பக்கத்தில் இருந்து போனேன். சந்திக்கு வெகுதூரம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள். "நாலு சக்கரமும் இழுக்கும்தான். ஆனா நிக்கேக்கை எல்லா வாகனமும் ஒண்டுதான்," என்றாள். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு அதே வேகத்தில் போனாள்.

பாலத்தால்தான் போனோம். நான் தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

தர்மினிக்கு லொரெயின் என்று ஒரு நோயாளி. ஐம்பது வயதிருக்கும். தனியாக மாட்டுப் பண்ணை நடத்துகிறாள். மாடு மிதித்துக் கால் நொறுங்கி, தகடு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். தையல் போட்ட இடம் ஆற மறுக்கிறது. "காலை அசைக்காமல் இரு எண்டால், சக்கர நாற்காலியோடை மாட்டுக் கொட்டிலுக்குப் போறாள்," என்று தர்மினி திட்டினாள். அவளுக்குப் பிடித்தவர்களைத்தான் இப்படித் திட்டுவாள்.

பெப்ரவரி 5, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

விடிந்ததிலிருந்து புயல். பாடசாலைகள் மூடியிருந்தன. எனக்கு வேலை இல்லாத நாள். காலைச் சாப்பாட்டின்போது தர்மினிக்கு லொரெயினின் அழைப்பு வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது. லொரெயினுக்குக் காய்ச்சல், பல் கிட்டும் நடுக்கம். எந்தக் கிழமை என்று கேட்டதற்கு ஏதோ ஒரு கன்றின் பெயரைச் சொன்னாளாம்.

"கிருமி ரத்தத்துக்குள்ளை போயிட்டுது. பின்னேரம் வரைக்கும் விடேலாது."

அம்புலன்ஸுக்குச் சொன்னாள். அது நெடுஞ்சாலை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து பண்ணைக்குப் போகும் மண் பாதை மூடிக் கிடந்தது. காற்று அடங்கும்வரை பனி அள்ளும் வண்டியும் போகாதாம். தர்மினி தன் மேலதிகாரிக்கு அழைத்தாள். 'போ என்று நான் சொல்ல முடியாது, போகாதே என்றும் சொல்ல மாட்டேன்,' என்று அந்தப் பெண் சொன்னாள். தர்மினி மருந்துப் பையை எடுத்தாள்.

நான் என் கோட்டைப் போட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். "மண்வெட்டியையும் எடுங்கோ," என்றாள்.

மண் பாதையின் தொடக்கத்தில் அம்புலன்ஸ் விளக்குப் போட்டபடி நின்றது. நாங்கள் அதைத் தாண்டி உள்ளே திரும்பினோம். முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பாதை எங்கே முடிகிறது, கான் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் இறங்கி, மண்வெட்டிப் பிடியால் நிலத்தைக் குத்திக் குத்தி முன்னால் நடந்தேன். தர்மினி என் முதுகைப் பார்த்து ஓட்டிவந்தாள். எஞ்சின் என் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும் மட்டும் நான் சரியான இடத்தில்தான் இருக்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் பனிக் குவியலை வேகமாக இடித்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றேன். இந்த வாகனத்தை வாங்கியதே அதற்குத்தானே. அவள் மாட்டேன் என்றாள். மெதுவாக ஏற்றினாள். முன்சக்கரம் தாண்டியது. நடுவில் வண்டியின் வயிறு பனியில் குந்திவிட்டது. நான்கு டயரும் சும்மா சுழன்றன. அரை அடி உயர்த்தியிருந்தும் என்ன, வயிறு தட்டினால் எல்லாம் ஆமைதான். இருவரும் மாறி மாறி அடியில் வெட்டினோம். கண் இமை ஒட்டியது. பின்னால் எடுத்து வெளியே வந்தோம்.

தர்மினி இறங்கி, கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ. காத்து வயலிலை இருந்த பனியை எல்லாம் அள்ளிக்கொண்டுவந்து பாதையிலைதான் போட்டிருக்கு. வயல் வெறுமையாக் கிடக்கு."

உண்மைதான். அறுவடைத் தாள்கள் பனிக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்தன. நூறு தரம் வந்து போனவள் என்பதால் வேலி எங்கே திறந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கானைத் தாண்டும் இடத்தில் பிக்கப் ஒரு பக்கம் சரிந்தது. உயரமான வண்டி சரிந்தால் உள்ளே இருப்பவனுக்கு வானம் தெரியும். நான் கதவுக் கைபிடியைப் பிடித்திருந்தேன். அவள் ஸ்டியரிங்கை அசைக்காமல், காலை மட்டும் மெல்ல அமத்தி, அந்தப் பெரிய உடம்பை ஒரு நோயாளியைப் புரட்டுவதுபோலப் பக்குவமாக மேலே எடுத்தாள். பிறகு உறைந்து கிடந்த வயலுக்கு மேலால், தாள்கள் அடியில் உரசிச் சரசரக்க, பண்ணைவரைக்கும் போனோம். எங்கள் கார் அந்த வேலியையே தாண்டியிருக்காது. அந்த இடத்தில் பிக்கப்பின்மேல் எனக்கு வந்த மரியாதை, அதை வாங்கிய நாளில் இருந்ததைவிடப் பெரியது.

லொரெயின் சமையலறைத் தரையில் கம்பளிக்குள் கிடந்தாள். உடம்பு கொதித்தது. தர்மினி ஊசி ஏற்றி, காலை அசையாமல் கட்டினாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. லொரெயின் என்னைப்போல் ஒன்றரை மடங்கு. காலை ஊன்ற முடியாது. பிக்கப்பின் இருக்கையோ என் நெஞ்சுக்கு நேரே இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அவளை அந்த உயரத்துக்குத் தூக்க வழியே இல்லை. இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்த உயரம் கடைசியில் கதவடியில் மறித்து நின்றது. தர்மினி வாசலில் நின்று வளவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லொரெயின், மாடுகளை லொறியிலை எப்பிடி ஏத்துவாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

லொரெயின் கண்ணைத் திறக்காமல் கொட்டில் பக்கம் கையைக் காட்டினாள்.

கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் மரப்பலகை அடித்து நேராக நிறுத்தியது. மாடுகள் சரிவால் ஏறி, மேட்டிலிருந்து நேரே லொறிக்குள் நடந்துபோகும். தர்மினி பிக்கப்பைப் பின்னுக்கும் முன்னுக்குமாக எடுத்து, மரப்பலகையில் உரசாமல் உரசி நிறுத்தினாள். கதவைத் திறந்தபோது இருக்கையும் மேடும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

கன்றுக்குட்டிகளை இழுக்கும் பிளாஸ்டிக் சறுக்குப் பலகை ஒன்று கொட்டிலில் இருந்தது. லொரெயினை அதில் கிடத்தி, கம்பளியால் சுற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்தோம். சரிவில் நான் ஒருமுறை முழங்காலில் விழுந்தேன். கயிறு தர்மினியின் கையில் இருந்தது. அவள் விடவில்லை. ஐந்தடி இல்லாத மனிசி, காலைப் பனிக்குள் புதைத்து அந்தப் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு நின்றாள். நான் எழும்பிப் பிடித்த பிறகுதான் அடுத்த அடி வைத்தாள்.

மேலே வந்ததும் லொரெயின் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இந்த வழியால் போன ஒன்றும் இதுவரை திரும்பி வந்ததில்லை," என்றாள்.

"நீ வருவாய்," என்றாள் தர்மினி. "பேசாமல் படு."

பின் இருக்கையில் சறுக்கி ஏற்றினோம். நான் அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தேன். திரும்பும்போது எங்கள் டயர்த் தடம் பாதி மூடியிருந்தாலும் தெரிந்தது.

அம்புலன்ஸ்காரர்கள் அவளை மாற்றி ஏற்றிய பிறகு, ஒருவன் பனி அப்பிக் கிடந்த பிக்கப்பைத் தட்டிப் பார்த்து, "நல்ல வண்டி வைத்திருக்கிறீர்கள், ஐயா," என்றான்.

"ஓட்டினது அவள்," என்றேன்.

பெப்ரவரி 6, வியாழன்

லொரெயின் பிழைத்துவிடுவாள் என்று வைத்தியசாலையில் சொன்னார்களாம். இரண்டு கால்விரல் போய்விட்டது. தர்மினியால் இன்று கையை மடக்க முடியவில்லை. சோறு குழைத்துக் கொடுத்தேன். கயிறு அறுத்த தடம் உள்ளங்கை முழுவதும் இருந்தது. நேற்று அந்தக் கையால்தான் திரும்பி ஓட்டிவந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

தர்மினி சொன்னாள்: "பிக்கப்பைப் பதிச்சுவிடுவம். பழையபடி, கொம்பனி விட்ட உயரத்துக்கு."

ஏன் என்று கேட்டேன்.

"எல்லார் வீட்டிலையும் மாட்டு மேடு இருக்காது. எனக்குத் தேவை ஆக்கள் ஏறக்கூடிய வண்டி. எஞ்சின் அதேதானே, இழுவை அதேதானே. உயரம் அண்டைக்குக் கொஞ்சம் உதவினதுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே போய்ப் பிக்கப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அது உயரமாக நின்றபோது நானும் கொஞ்சம் உயரமாக இருந்தேன்.

மார்ச் 29, சனி

ஹர்பால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். டயரும் மாற்றியாயிற்று. முள் இப்போது சரியான வேகத்தைக் காட்டுகிறது. ஊருக்குள் எந்த வாகன நிறுத்தத்திலும் முட்டாது. வேலையிடத்தில், "வெயிலில் சுருங்கிவிட்டதா?" என்று கேட்டார்கள். சிரித்தேன். பதிவுப் பத்திரத்தில் தர்மினியின் பெயரை எழுதுவித்தேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தேவையில்லாத விசயம்.

ஏப்ரல் 26, சனி

லொரெயின் இன்று வீட்டுக்குப் போனாள். தர்மினி வாரம் முழுவதும் ஓய்வில்லாமல் வேலை செய்திருந்தாள். வைத்தியசாலை வாசலில் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் ஓடுங்கோ."

பக்கத்தில் ஊன்றுதடியோடு லொரெயின் நின்றாள். எப்போதும்போல ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். காற்று இருந்தது. முழங்காலும் வலித்தது.

"எனக்குப் பயம், தர்மி," என்றேன். "பாலத்திலை ஆடினதிலையிருந்து ஓடப் பயம். கொஞ்சமா ஆடேல்லை. செத்துப்போனன் எண்டுதான் நினைச்சனான்."

"தெரியும்," என்றாள். "அந்தக் குளிருக்கை நடந்து போறதைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். இண்டைக்கு ஓடுங்கோ. நான் பக்கத்திலை இருக்கிறன்."

ஓட்டினேன். பாலத்துப் பொருத்தில் ஏறும்போது என் தோள் இரண்டும் காதுவரைக்கும் வந்திருக்கும். தட் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பின்னாலிருந்து லொரெயின் கைதட்டினாள். அவளுக்கு யார் சொன்னார்களோ.

பண்ணையில் அவள் தானே கதவைத் திறந்து, தடியை ஊன்றி, தன் காலில் இறங்கினாள். மாடுகள் வேலிக்கு வந்து பார்த்தன. தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டோம்.

நெடுஞ்சாலையில் ஏறியபோது தர்மினி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். வாயைக் கொஞ்சம் திறந்தபடி, தலை கதவுப் பக்கம் சாய, தூங்கிவிட்டாள். கல்யாணம் செய்த நாளிலிருந்து எந்த வாகனத்திலும் அவள் தூங்கி நான் கண்டதில்லை. யார் ஓட்டினாலும் பாதையைப் பார்த்துக்கொண்டுதான் வருவாள்.

வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். வீட்டு வாசலில் நிறுத்தியும் எஞ்சினை அணைக்கவில்லை. சத்தம் நின்றால் விழித்துவிடுவாள். முன்வீட்டுக்காரர் வந்து ஏதாவது பிரச்சினையா என்று கையால் கேட்டார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் தானாக எழும்பும்வரை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, அப்படியே இருந்தேன்.